மூன்று சத்தம், மூன்று ரேம், ஒரு பழைய லேப்டாப்

அலுவலக வேலைக்கு இனி ஆகாது என்று ஒதுக்கிவைத்த லேப்டாப் ஒன்று வீட்டில் இருந்தது. 2014-இல் வாங்கியது. இன்டெல் நான்காம் தலைமுறை ஐ5, 4 ஜிபி ரேம், சுழலும் வகை 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 11 போட வேண்டுமென்றால் இன்டெல்லில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். விண்டோஸ் 10-க்கோ 2025 அக்டோபர் 14-ஓடு வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. கீபோர்டும் திரையும் நன்றாக இருக்க, எடைக்குப் போட மனசு வரவில்லை. பாட்டு கேட்க மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு யூஎஸ்பி டிஏசி (டிஜிட்டல் ஒலியை ஆம்பிளிஃபயருக்கான மின்னலையாக மாற்றும் பெட்டி) வழியாக ஹாலில் இருக்கும் ஆம்பிளிஃபயரோடு இணைத்தேன்.

முதல் நாளே மூன்று விதமான சத்தம். பாட்டு ஓடாதபோதும் ஸ்பீக்கரில் மெல்லிய ‘ர்ர்ர்’ ஒன்று. பாட்டின் நடுவே எப்போதாவது ஒரு ‘டிக்’. அப்புறம், சில நேரம் பாட்டே அரை நொடி நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி ஓடும்.

மச்சானிடம் சொன்னேன். அவர் இந்த விஷயத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர். ஸ்பீக்கர் ஒயருக்கே ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்தவர்.

“ரேமை மாத்துங்க மாப்ள. 4 ஜிபில குரலெல்லாம் நெரிசலாத்தான் வரும். எட்டாக்கிப் பாருங்க, மேடை அப்படியே விரியும். பிளேயரையும் மாத்திடுங்க.”

மேடை விரியும், அதாவது ஒலி அகலமாகப் பரவிக் கேட்கும் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் ரேமை மாற்றினேன். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. எதற்கு மூன்று என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

வாங்கும் முன் ஒரு கணக்கு

சிடி தரத்தில் ஒரு நொடிக்கு 44,100 மாதிரிகள், அதாவது ஒலியை அத்தனை முறை அளந்த எண்கள். ஒவ்வொன்றும் 16 பிட். இடம், வலம் என இரண்டு தடம். பெருக்கிப் பார்த்தால் நொடிக்கு 1,76,400 பைட். ஐந்து நிமிடப் பாட்டுக்கு ஏறக்குறைய 53 எம்பி, ஒரு மணி நேரக் கச்சேரிக்கு 635 எம்பி. 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்று பெருமையாக விற்கிறார்களே, அதுகூட நொடிக்கு 11,52,000 பைட்தான்.

ரேம் பக்கம் பார்ப்போம். என் லேப்டாப்பில் இருந்த டிடிஆர்3-1600 வகை, ஒற்றைத் தடத்தில் ஓடினாலே ஏட்டளவில் நொடிக்கு 12,800 எம்பி தரும். சிடி பாட்டுக்குத் தேவையானதைப் போல எழுபதாயிரம் மடங்குக்கும் மேல். வீராணம் குழாயைத் திறந்து ஒரு டம்ளர் தண்ணீர் பிடிப்பது மாதிரி. இதில் 1333 வேக ரேமை எடுத்துவிட்டு 1600 போட்டால் வீணை துல்லியமாகக் கேட்கும் என்பது டம்ளருக்குத் தெரியாத சங்கதி.

அப்படியானால் பாட்டு ஏன் நின்றது? விண்டோஸில் ‘ரிசோர்ஸ் மானிட்டர்’ என்று ஒன்று இருக்கிறது. அதில் மெமரி பக்கத்தைத் திறந்தால் ‘ஹார்ட் ஃபால்ட்’ என்று ஒரு வரைபடம் ஓடும். ரேமில் இடம் போதாமல் டிஸ்க்கில் இறக்கிவைத்ததை மறுபடி எடுத்துவர வேண்டிய நிலை எத்தனை முறை வந்தது என்ற கணக்கு அது. திரையில் அதை வைத்துக்கொண்டு பாட்டைப் போட்டேன். பக்கத்தில் மகள் அதே லேப்டாப்பின் பிரவுசரில் பன்னிரண்டு தாவல்களைத் திறந்துவைத்துப் பாடம் படித்துக்கொண்டிருந்தாள். (பாடம்தான் என்று அவள் சொன்னாள்.) பாட்டு நின்ற அதே கணத்தில் அந்த வரைபடம் கோபுரம் மாதிரி எழுந்தது. ஒன்றுக்கு ஐந்து முறை பார்த்தேன், ஐந்து முறையும் அப்படியே.

விஷயம் இதுதான். விண்டோஸ் எழுந்து உட்காரவே ஏறக்குறைய பாதி ரேமை எடுத்துக்கொள்கிறது. தனி கிராஃபிக்ஸ் அட்டை இல்லாத லேப்டாப் என்பதால் திரைக்கும் அதிலிருந்தே பங்கு போகிறது. மீதியைப் பிரவுசர் சாப்பிட்டுவிடும். இடம் போதாமல் விண்டோஸ் எதையாவது டிஸ்க்குக்குத் தள்ளும். அதில் பிளேயரின் துண்டு ஒன்றும் சேர்ந்து போய்விடும். சுழலும் டிஸ்க்கில் அதைத் தேடி எடுத்துவருவதற்குள் டிஏசியின் வாயில் போட ஒன்றும் இருக்காது. பாட்டு நிற்கும். குரல் நெரிசலும் இல்லை, மேடையும் இல்லை, பட்டினி, அவ்வளவுதான்.

சுழலாத வகை டிஸ்க்கான எஸ்எஸ்டி போட்டிருந்தாலும் இந்தச் சத்தம் பெரும்பாலும் அடங்கியிருக்கும். ரேமுக்கு முன் அதைத்தான் செய்திருக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் சண்டைக்கு வரமாட்டேன். என்னிடம் ஒரு ரேம் குழி காலியாக இருந்தது, செலவும் குறைவு. அதனால் ரேம்.

ரேமுக்குச் சம்பந்தமே இல்லாத இரண்டு

கடைக்குப் போகும் முன் மற்ற இரண்டு சத்தங்களையும் பார்த்துவிட்டேன். இல்லாவிட்டால் புது ரேமைப் போட்டபின் எது எதனால் போனது என்று தெரியாது.

‘ர்ர்ர்’ சுலபமாகப் பிடிபட்டது. சார்ஜரைப் பிடுங்கினால் நின்றது, சொருகினால் வந்தது. லேப்டாப் சார்ஜர் ஒரு சுவரில், ஆம்பிளிஃபயர் எதிர்ச் சுவரில். இரண்டு எர்த்துக்கும் நடுவே யூஎஸ்பி ஒயர் ஒரு பாலமாகி, அதில் ஓடக்கூடாத மின்சாரம் கொஞ்சம் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் போட்டதும், காதை ஸ்பீக்கரில் ஒட்டினால் மட்டும் கேட்கிற அளவுக்கு இறங்கிவிட்டது. சார்ஜரின் எர்த் முள்ளை ஒடித்துவிட்டாலும் சத்தம் போகும் என்று சிலர் யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். அந்த முள் பாட்டுக்காக அல்ல, உயிருக்காக இருக்கிறது.

‘டிக்’ கொஞ்சம் அலைக்கழித்தது. லேட்டன்சிமான் என்ற இலவசக் கருவியை ஓடவிட்டேன். எந்த டிரைவர் (கணினியின் ஒரு பாகத்தை இயக்கும் நிரல்) எவ்வளவு நேரம் புராசசரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது என்று அது அளந்து காட்டும். யூஎஸ்பி டிஏசி வேகமான வகையாக இருந்தால் 125 மைக்ரோ நொடிக்கு ஒரு பொட்டலம் எதிர்பார்க்கும். டிரைவரின் கையிருப்பு சில மில்லி நொடிக்குத்தான். அந்த நேரம் பார்த்து இன்னொரு டிரைவர் நடுவழியில் மாட்டை நிறுத்திவைத்தால் பொட்டலம் பிந்திவிடும், ‘டிக்’. பட்டியலில் தலையில் நின்றது நெட்வொர்க் டிரைவர். வைஃபையை அணைத்தேன், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு ‘டிக்’கும் இல்லை. பாதுகாப்புத் திருத்தங்கள் வராத விண்டோஸ் 10 என்பதால் இந்த லேப்டாப்பை இணையத்தில் விடாமல் இருப்பதே நல்லது. ஆகவே வைஃபை நிரந்தரமாக அணைக்கப்பட்டது, மகளின் பன்னிரண்டு தாவல்கள் வேறு கணினிக்கு இடம்பெயர்ந்தன.

இங்கே ஒரு நேர்மையான கேள்வி வரும். பிரவுசரே போய்விட்டதென்றால் 4 ஜிபியே போதுமே? போதும்தான். பாட்டு மட்டும் கேட்க 4 ஜிபி தாராளம். ஆனால் சிடிக்களை ஏற்றுவது, ஆயிரக்கணக்கான கோப்புகளுக்குப் பெயர் எழுதுவது, படங்களைச் சேர்ப்பது எல்லாம் இதில்தான் நடக்கப்போகிறது. காலிக் குழியும் உறுத்திக்கொண்டே இருந்தது.

முதல் ரேம்

சின்ன எச்சரிக்கை ஒன்று: ‘லேப்டாப் ரேம் 4 ஜிபி’ என்று மட்டும் கடையில் கேட்காதீர்கள். நான் அப்படித்தான் கேட்டேன். சென்னை ரிச்சி தெருவில் ஒரு சனிக்கிழமை மதியம், தோளோடு தோள் உரசும் கூட்டம். கடைக்காரர் டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார். பழையதுதான், ஒரு மாத உத்தரவாதம். நீளம் சரி, வெட்டு இருக்கும் இடம் சரி, 204 முள் சரி. வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் பேட்டரியைக் கழற்றி, பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடித்து, ஜன்னல் கம்பியைத் தொட்டுக்கொண்டு வேலையை ஆரம்பித்தேன். ரேமைச் சாய்வாக வைத்துக் குழிக்குள் முழுதாகத் தள்ளி, அப்புறம் கீழே அமுக்கினால் இரண்டு பக்கமும் கிளிப் ‘க்ளக்’கென்று பிடிக்கும். பிடித்தது. பட்டனை அழுத்தினால் விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பு. ஐந்து நிமிடம் கறுப்பு. லேப்டாப்பைக் கொன்றுவிட்டோம் என்றே நினைத்தேன். புதியதைக் கழற்றியதும் பழையபடி உயிர் வந்தது.

ஸ்டிக்கரைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தபோதுதான் விளங்கியது. பழைய ரேமில் ‘பிசி3எல்-12800எஸ்’ என்று இருக்கிறது. புதியதில் ‘பிசி3-12800எஸ்’. நடுவே ஓர் ‘எல்’ இல்லை. அந்த ‘எல்’ குறைந்த மின்னழுத்தத்தைக் குறிக்கிறது: டிடிஆர்3 ஓடுவது 1.5 வோல்ட்டில், டிடிஆர்3எல் 1.35 வோல்ட்டில். வெட்டும் முள்ளும் இரண்டுக்கும் ஒன்றே என்பதால் குழிக்குள் தடையில்லாமல் இறங்கும். ஆனால் நான்காம் தலைமுறையில் மின்சாரம் மிச்சம் பிடிக்கும் ‘யூ’ வகை புராசசர்கள் 1.35 மட்டுமே கொடுக்கும், 1.5 கேட்கும் ரேம் அதில் எழுந்திருக்காது. மாறாக டிடிஆர்3எல் ரேமைப் பழைய 1.5 வோல்ட் லேப்டாப்பில் போட்டால் ஓடும். ஆகவே சந்தேகம் வந்தால் ‘எல்’ இருப்பதையே வாங்குங்கள். டிடிஆர்4 வேறு சாதி: 260 முள், வெட்டும் வேறு இடத்தில். அது உள்ளேயே போகாது, அதனால் ஏமாறவும் வழியில்லை.

8 ஜிபி ஒரே துண்டாக வாங்க நினைப்பவர்களுக்கு இன்னொன்று. இந்தத் தலைமுறைக்கும் அதற்கு முந்தையவற்றுக்கும் ஒரு சில்லுக்கு 512 எம்பிக்கு மேல் புரியாது. அப்படியென்றால் 8 ஜிபி துண்டில் பக்கத்துக்கு எட்டாக மொத்தம் 16 சில்லு இருக்க வேண்டும். ஸ்டிக்கரில் ‘2ஆர்எக்ஸ்8’ என்று இருக்கும். எட்டே சில்லில் 8 ஜிபி என்று கொடுத்தால் வாங்காதீர்கள். கையில் எடுத்து எண்ணிப் பார்த்துவிடலாம், இதற்குப் பெரிய ஞானம் தேவையில்லை.

இரண்டாவது ரேம்தான் பாட்டை உண்மையிலேயே மாற்றியது

அதே கடையில் மாற்றிக் கொடுத்தார்கள். இந்த முறை ‘எல்’ இருந்தது. கடைப் பையன் பள்ளிக்கூட ரப்பர் ஒன்றை எடுத்து முள் வரிசையைத் தேய்த்து, ஊதிக் கொடுத்தான். வீட்டில் போட்டதும் 8 ஜிபி என்று காட்டியது. சந்தோஷத்தில் செய்ய வேண்டிய ஒன்றைச் செய்யாமல் விட்டேன். வெளி டிஸ்க்கில் இருந்த ஏறக்குறைய 1,100 ஃப்ளாக் (தரம் குறையாமல் சுருக்கிய ஒலி) கோப்புகளையும் அன்று இரவே லேப்டாப்புக்கு நகலெடுத்தேன்.

இரண்டு நாள் கழித்துத் தோடி ஆலாபனை ஒன்றைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது ஓரிடத்தில் ஒலி தடுக்கி விழுந்தது. கண்ணிமைக்கும் நேரம்தான். தம்புரா பின்னால் ஓடிக்கொண்டிருந்ததால் தெரிந்தது. சினிமாப் பாட்டாக இருந்திருந்தால் கவனித்திருக்கவே மாட்டேன். பின்னோக்கி நகர்த்திக் கேட்டேன். அதே இடம், அதே தடுக்கல். வைஃபை அணைந்திருக்கிறது, ஹார்ட் ஃபால்ட் எதுவும் இல்லை. ஆக, இது ஓட்டத்தில் வந்த கோளாறு அல்ல. கோப்பிலேயே இருக்கிறது.

ஃப்ளாக் கோப்பில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. ஒலியைச் சிறு சிறு சட்டகங்களாக வெட்டித்தான் அது சுருக்கும். வழக்கமாக ஒரு சட்டகத்துக்கு 4,096 மாதிரிகள், அதாவது நொடியில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. ஒவ்வொரு சட்டகத்தின் முடிவிலும் ஒரு சரிபார்ப்பு எண். கோப்பின் தலையில் மொத்த ஒலிக்கும் சேர்த்து இன்னோர் எண். நடுவில் ஒரே ஒரு பிட் மாறினாலும் மாட்டிக்கொள்ளும். ஃபூபார்2000 என்ற பிளேயரில் இதற்கென்றே ஒரு துணைக் கருவி இருக்கிறது. எல்லாக் கோப்புகளையும் தேர்ந்து சரிபார்க்கச் சொன்னேன். மூன்று கோப்புகள் பழுது. வெளி டிஸ்க்கில் அதே மூன்றும் சுத்தமாக இருந்தன.

உடனே ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ ஐப் பென் டிரைவில் ஏற்றி, ராத்திரி முழுக்க ஓடவிட்டுப் படுத்தேன். காலையில் திரையில் சிவப்பு வரிகள். ஒரு குறிப்பிட்ட முகவரியில் ஒரு பிட் அவ்வப்போது தானாகப் புரண்டுகொண்டிருந்தது. ஒவ்வொரு துண்டாகத் தனித்தனியே போட்டுப் பார்த்தேன், குற்றவாளி புதிய துண்டு. நகலெடுக்கும்போது கோப்பு டிஸ்க்கிலிருந்து டிஸ்க்குக்கு நேராகத் தாண்டுவதில்லை. ரேமில் இறங்கித்தான் போகிறது. அந்தக் கெட்ட இடத்தில் கால் வைத்த மூன்று கோப்புகள் நொண்டிக்கொண்டு போய்ச் சேர்ந்திருக்கின்றன.

மச்சானைக் கூப்பிட்டுச் சொன்னேன். “ரேம் பாட்டை மாத்தும்னு நீங்க சொன்னது சரிதான் மச்சான். கெட்டுப்போன ரேமா இருந்தா மாத்துது.” அவர் சிரிக்கவில்லை.

மூன்றாவது துண்டை வேறு கடையில் வாங்கினேன். போட்டதும் முதல் வேலையாக மெம்டெஸ்ட், ஒரு முழு இரவு. சிவப்பு இல்லை. அப்புறம்தான் அந்த மூன்று கோப்புகளையும் மறுபடி எடுத்தேன். பழைய ரேம் வாங்குபவர்கள் உத்தரவாத நாட்களை மெம்டெஸ்ட் ஓட்டுவதற்கென்றே கொடுத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள்.

பிளேயர்

பிளேயர் தேர்வை மச்சான் ‘ஒலிக்காக’ செய்யச் சொன்னார். நான் தம்புராவுக்காகச் செய்தேன்.

ராகம், தானம், பல்லவி, தனி ஆவர்த்தனம் என்று சிடியில் நான்கு தடமாக வெட்டியிருப்பார்கள். மேடையில் அது ஒரே ஓட்டம். தடத்துக்கும் தடத்துக்கும் நடுவே பிளேயர் கால் நொடி விட்டாலும் சுருதி அறுந்து ஒட்டும். வீடியோவுக்கு நான் வைத்திருந்த பிளேயரில் இப்படித்தான் ஒவ்வொரு முறையும் விக்கியது. எம்பி3 கோப்பாக இருந்தால் சிக்கல் இன்னும் கூடும். எம்பி3 சட்டகம் ஒன்றுக்கு 1,152 மாதிரிகள். பாட்டு அந்தக் கணக்கில் முடியாவிட்டால் வெறும் மௌனத்தை இட்டு நிரப்பிவிடும். தொடக்கத்திலும் கொஞ்சம் மௌனம் சேரும். எவ்வளவு சேர்ந்தது என்று, எம்பி3 உருவாக்கும் லேம் என்கோடர் கோப்பிலேயே குறித்துவைக்கும். அந்தக் குறிப்பைப் படித்து வெட்டத் தெரிந்த பிளேயர்தான் வேண்டும்.

எய்ம்ப், மியூசிக்பீ, ஃபூபார்2000 மூன்றையும் ஒரு வாரம் மாற்றி மாற்றி வைத்தேன். மூன்றும் இலவசம், மூன்றிலும் சுருதி அறவில்லை. மகளுக்கு மியூசிக்பீ பிடித்தது, படமெல்லாம் அழகாக அடுக்குகிறது என்றாள். எனக்கு ஃபூபார். பார்க்கக் கணக்குப்பிள்ளை பேரேடு மாதிரி இருக்கும். ஆனால் சொன்னதைச் செய்யும், சொல்லாததைச் செய்யாது. லினக்ஸ் போட்டு எம்பிடி என்ற பிளேயரை வைக்கும் ஆசையும் உண்டு. அது அடுத்த நீண்ட விடுமுறைக்கு.

மாற்றிய அமைப்புகள் இரண்டே. ஒன்று, வாசாபி என்ற விண்டோஸ் ஒலி ஏற்பாட்டின் வழியாக டிஏசியைப் பிளேயர் தனக்கென்று பிடித்துக்கொள்ளும் முறை. விஸ்டா காலத்திலிருந்தே விண்டோஸ் எல்லா நிரல்களின் ஒலியையும் ஒரே குடத்தில் ஊற்றி, நொடிக்கு இத்தனை மாதிரிகள் என்ற ஒரே எண்ணிக்கைக்கு மாற்றித்தான் வெளியே விடும். என் லேப்டாப்பில் அது 48,000 என்று இருந்தது; 44,100-இல் பதிவான சிடி பாட்டெல்லாம் வழியில் உருமாறிக்கொண்டிருந்தன. தனிப்பிடி முறையில் இந்தக் குடமே கிடையாது. காதில் வித்தியாசம் தெரிந்ததா என்றால், எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஆலாபனை நடுவே விண்டோஸின் ‘டிங்’ வந்து விழுவது நின்றது. எனக்கு அதுவே போதும்.

இரண்டாவது, கோப்பு முழுவதையும் முன்கூட்டியே ரேமில் ஏற்றிக்கொள்ளும் அமைப்பு. மேம்பட்ட அமைப்புகளுக்குள் பதுங்கியிருக்கும். நான் 2,00,000 கேபி என்று எழுதினேன். பாட்டின் தொடக்கத்தில் ஒரு முறை டிஸ்க் முனகும், அப்புறம் பாட்டு முடியும்வரை அதற்கு வேலை இல்லை. இரவில் மெல்லக் கேட்கும்போது அந்தக் கரகரப்பு இல்லாதது பெரிய சுகம். 8 ஜிபியால் கிடைத்த ஒரே ‘ஒலி முன்னேற்றம்’ என்று வேண்டுமானால் இதைச் சொல்லலாம். அதுவும் 4 ஜிபியிலேயே முடிந்திருக்கும். ‘மெமரியிலிருந்தே வாசிக்கும்’ என்று விளம்பரம் செய்து காசு வாங்கும் பிளேயர்களும் உண்டு. எந்தப் பிளேயரும் மெமரியிலிருந்துதான் வாசிக்கிறது. எவ்வளவு முன்கூட்டி ஏற்றிக்கொள்கிறது என்பதில்தான் வேறுபாடு.

மச்சான் வீட்டில் ஒரு ஞாயிறு

மச்சானிடம் பழைய ஏவி ரிசீவர் ஒன்று இருக்கிறது, டிடிஎஸ் (பல தட ஒலியைச் சுருக்கிக் கட்டும் முறை) வந்தால் எரியும் விளக்கோடு. டிடிஎஸ் முறையில் பதிவான ஓர் இசைத்தட்டும் வைத்திருந்தார். அந்தத் தட்டை வேவ் கோப்பாக ஏற்றினால், கணினிக்கு அது சாதாரண சிடி ஒலி. ஆனால் உள்ளே இருப்பது மூட்டை கட்டிய ஐந்து தடம். ஒரு பிட்டும் பிசகாமல் ரிசீவருக்குப் போய்ச் சேர்ந்தால் விளக்கு எரிந்து பாட்டு வரும். வழியில் யாராவது கை வைத்திருந்தால் மூட்டை அவிழாது, வெறும் இரைச்சல் கொட்டும். (செய்து பார்ப்பவர்கள் வால்யூமை மிகவும் குறைத்துவிட்டு ஆரம்பியுங்கள். அந்த இரைச்சல் ஸ்பீக்கருக்கும் ஆகாது, காதுக்கும் ஆகாது.)

யூஎஸ்பியிலிருந்து கோஆக்ஸ் (டிஜிட்டல் ஒலிக்கான ஒயர் இணைப்பு) தரும் சின்னப் பெட்டி வழியாக இணைத்தோம். முதலில் விண்டோஸின் பொதுக் குடம் வழியாக: ஓட்டுக்கூரை மேல் மழை. ஃபூபார், தனிப்பிடி முறை: விளக்கு எரிந்தது. மியூசிக்பீ, தனிப்பிடி முறை: எரிந்தது. ஃபூபாரில் வால்யூமை ஒரே ஒரு சிறு படி குறைத்தேன்: மழை. மறுபடி முழுதாக ஏற்றினேன்: விளக்கு. லேப்டாப்பைத் திருப்பிப் போட்டு, ஒரு ரேமைக் கழற்றி 4 ஜிபியில் ஓட்டினேன்: விளக்கு. இரண்டு பிளேயரும் ஒரே பிட்டைத்தான் அனுப்புகின்றன, ரேம் எட்டானாலும் நான்கானாலும்.

“பிட் சரி மாப்ள. நேரம்? அது முன்னப்பின்ன வந்தா?” என்றார் மச்சான். மட்டமான கேள்வி அல்ல. ஆனால் என் டிஏசி அசிங்க்ரோனஸ் வகை. கடிகாரம் அதனுள்ளேயே இருக்கிறது. தனக்கு வேண்டியபோது கணினியிடம் கேட்டு வாங்கி, தன் கையிருப்பில் வைத்து, தன் தாளத்தில் வாசிக்கும். கையிருப்பு காலியாகாதவரை லேப்டாப்பின் அவசரமும் நிதானமும் அதற்கு ஒன்றுதான். காலியானால் மெல்லிய மாற்றமாகக் கேட்காது, ‘டிக்’கென்று கேட்கும். கணினியின் மின் இரைச்சல் ஒயர் வழியாக வரும் என்பது மட்டும் உண்மை. அதைத்தான் எக்ஸ்டென்ஷன் போர்டு தீர்த்தது.

அவர் சமாதானமாகவில்லை. ஆகவே மகளை உட்காரவைத்தோம். பத்து ரூபாய் நாணயத்தைச் சுண்டி, பூ விழுந்தால் ஒரு பிளேயர், தலை விழுந்தால் மற்றது. எது என்று சொல்லாமல் அவள் போடுவாள், நாங்கள் எழுதுவோம். பதினாறு முறை. வெறும் குருட்டாம்போக்கில் சொன்னாலே பாதி சரியாக வரும். பதினாறில் பன்னிரண்டோ அதற்கு மேலோ அப்படி அமைய நூற்றுக்கு நான்கு வாய்ப்புகூட இல்லை. ஆகவே பன்னிரண்டு எடுத்தால் காது கேட்கிறது என்று ஒத்துக்கொள்வதாகப் பேச்சு. நான் ஒன்பது. மச்சான் ஏழு. அவர் இரவு முழுக்கச் சரியாகத் தூங்கவில்லை என்றார். மகள் ஐஸ்கிரீம் கேட்டாள்.

இவ்வளவுக்குப் பிறகும் வீட்டில் நான் பிட் பிசகாமல் கேட்பதில்லை. பழைய வானொலிப் பதிவுகள் முணுமுணுக்கும், அடுத்து வரும் சினிமாப் பாட்டு கூரையைப் பிய்க்கும். அதனால் எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரும் ரீப்ளேகெயினை எப்போதும் போட்டே வைத்திருக்கிறேன். டிடிஎஸ் விளக்கு எரியாது. எரிய வேண்டாம்.

மீதியிருக்கும் வேலை

ஃபூபாரைத் தேர்ந்ததற்கு உண்மையான காரணம் ராகம். ஃப்ளாக் கோப்பில் பாடியவர், தொகுப்பு என்பதோடு நாமே புதிய புலங்களைச் சேர்த்துக்கொள்ளலாம். புலத்தின் பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில் வைக்க வேண்டும், அது அந்த வடிவத்தின் விதி. உள்ளே எழுதுவது தமிழாக இருக்கலாம். ராகம், தாளம் என்று இரண்டு புலம் சேர்த்து, ஃபூபாரில் அவற்றுக்கு இரண்டு பத்தியும் வைத்தேன். இப்போது ‘காம்போதி’ என்று தட்டினால் எல்லாக் காம்போதியும் வரிசையில் வந்து நிற்கிறது, யார் பாடியதானாலும்.

பழைய எம்பி3-களில் பாதிப் பெயர்கள் யூனிகோடுக்கு முந்தைய டிஸ்கி எழுத்தில் எழுதியவை. திரையில் கரப்பான் ஓடியது போல் இருக்கின்றன. அவற்றைக் கேட்டுக் கேட்டுக் கையால்தான் தட்டிக்கொண்டிருக்கிறேன். பெயரே இல்லாதவை இன்னும் முந்நூறு. எனக்குத் தெரிந்த ராகங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை என்பதால், மாலையில் அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொன்றாகப் போடுகிறேன். நேற்று ஒன்றைப் போட்டதும், “பிலஹரி. எழுதிட்டு நிறுத்திடாத, முழுசா ஓடட்டும்” என்றார். நேற்றைய கணக்கு அந்த ஒன்றோடு முடிந்தது.